அரும்பொருள் சுமந்தோர்

கொழும்பு நூதனசாலைக்குச் சென்றோர் ஆங்குள்ள மும்மொழிக் கல்லைக் கண்டிருப்பர். காலி நகரிலே 1911ஆம் ஆண்டில், மதகொன்றின் மூடுகல்லாகக் குப்புறக் கிடந்த நிலையிற் கண்டெடுக்கப்பட்ட கல் அது. 1409ஆம் ஆண்டுத் திகதி அதிற் பொறிக்கப்பட்டிருக்கிறது. சீனக் கடற்றலைவன் செங் ஹோ தன் நாட்டிலே பொறிப்பித்துக் கப்பலேற்றி இங்கு கொணர்ந்தது. சீன மொழியிலே புத்தபெருமானுக்கும், தமிழிலே தேவேந்திரமுனையிற் கோயில்கொண்டிருந்த தெனவரை நாயனாராகிய திருமாலுக்கும், பாரசீக மொழியிலே அல்லாவுக்கும் செலுத்திய காணிக்கைகளை அது கூறும். ஒரு கல்லிலே மூன்று சமயத்தார்க்கும் மரியாதை செய்த அப்பெருந்தன்மையைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர்.

நாம் பல்கலைக்கழக நண்பர் சிலருடன் அக்கல்லின்முன் நின்றபோது, எம்முள் ஒருவர் வேறொன்று கேட்டார். "இவ்வளவு பாரமான கல்லைக் கப்பலிலிருந்து ஒரு மூலையும் உடையாமல் இறக்கியவன் யார்?" மன்னன் பெயர் கல்லில் இருக்கிறது. இறக்கியவன் பெயரை எழுதிவைப்பதற்கு அக்காலத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கேள்வி எம்மை விட்டு நீங்காமையினாலேயே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம்.

நூதனசாலைப் பணியாளருள் பொருளைக் கையாள்வோர் என ஒரு வகையினர் உளர். ஓவியத்தைச் சுவரினின்றும் இறக்குவதும், சிலையைப் பீடத்தினின்றும் பெயர்ப்பதும், கலங்களைப் பொதிவதும், பெட்டிக்கு ஆணி அறைவதும், வண்டியில் ஏற்றி இறக்குவதும் அவர்தம் தொழில். கோயிற்றிருவிழாவிலே சுவாமி காவுவோரை ஊரவர் எல்லோரும் அறிவர். நூதனசாலையிற் காவுவோரைப் பார்க்க வந்தோர் அறியார். கதவு திறக்குமுன் அவர் வேலை முடிந்துவிடும். அவர்க்குரிய விதிகள் கேட்பதற்கு எளியன. எப்பொருளையும் இரு கையாலும் அடியிலே தாங்கவேண்டும். காதையோ விளிம்பையோ பிடித்துத் தூக்கலாகாது. தூக்குமுன் வைக்குமிடத்தை ஒழுங்குசெய்தல் வேண்டும். விரலில் மோதிரம் ஆகாது. பின்னோக்கி நடத்தல் ஆகாது. எளியனவென்று சொன்னோமாயினும், பாடசாலை நாட்களிலே கண்காட்சியொன்றுக்காக ஒரு பழைய மட்கலத்தைக் காதிற் பிடித்துத் தூக்கி, காது கையிலும் கலம் நிலத்திலுமாக நின்ற அநுபவம் எமக்குண்டு. அன்று வாங்கிய ஏச்சு இன்றும் நினைவிலிருக்கிறது.

நாம் கற்ற மிஷன் பாடசாலையிலே விவிலிய பாடவேளையில் ஊசா என்பவன் கதையைக் கேட்டதுண்டு. உடன்படிக்கைப் பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றிச் செல்கையிலே மாடுகள் இடறின. பெட்டி விழாதிருக்க அவன் கையை நீட்டிப் பிடித்தான். பிடித்த இடத்திலேயே மாண்டான். இதென்ன நீதி என்று அப்போது ஆசிரியருடன் வாதாடினோம். இப்போது நோக்குமிடத்து வேறொன்று தோன்றுகிறது. அப்பெட்டி தோளிலே காவப்படவேண்டியது என்பது அவர்களுடைய விதி. வண்டியில் ஏற்றியதே முதற்பிழை. ஏற்றும்போது பிறர் விட்ட பிழைக்கு, இடைவழியிற் கைநீட்டியவன் தண்டம் கொடுத்தான். பொருள் காவும் தொழிலின் துன்பமெல்லாம் அக்கதையினுள் அடங்கிக் கிடக்கிறது.

இது நிற்க. நாம் சொல்லப் புகுந்தது சீன நாட்டு அரண்மனைப் பெட்டிகளின் வரலாறு. சென்ற நூற்றாண்டிலே போருக்குத் தப்பிப் பல நாட்டுக் கலைச்செல்வங்கள் இடம்பெயர்ந்தன. ஆனால் இத்துணைப் பொருள் இத்துணைக் காலம் அலைந்த கதை வேறில்லை என்றே எண்ணுகிறோம்.

சீனத்தின் கடைசிச் சக்கரவர்த்தியாகிய பூ யீ 1924ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் பெய்ஜிங் அரண்மனையை விட்டு வெளியேற்றப்பட்டார். அரண்மனையில் என்ன இருக்கிறதென்று கணக்கெடுக்க ஒரு குழு அமைந்தது. அதிலே நா ஜிலியாங் என்ற பதினேழு வயது இளைஞர், அப்போதுதான் பாடசாலையை விட்டவர், எழுத்துவேலைக்குச் சேர்ந்தார். அவர்கள் வேலை செய்த முறை நோக்கத்தக்கது. எவரும் தனியே ஒரு மண்டபத்துள் நுழையலாகாது, குழுவாகவே செல்லவேண்டும். பை இல்லாத மேலங்கி அணியவேண்டும். சட்டைக் கைகளை நாடாவினாற் கட்டிக்கொள்ளவேண்டும். குளிர்காலத்திலே மை உறைந்துபோகும். தீ மூட்டவும் இயலாது. அவ்வாறு எண்ணி முடித்த பொருள்கள் 11 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேலாயின. 1925ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி அரண்மனை நூதனசாலையாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மன்னர் மட்டும் மிதித்த முற்றத்தில் அன்று குடிமக்கள் நிறைந்தனர்.

பையில்லாத அங்கியை நாம் வேண்டுமென்றே குறித்தோம். அரும்பொருளைத் தொடுவோன் எந்நேரமும் ஐயத்துக்கு உரியவன். அந்நூதனசாலையின் முதற் பணிப்பாளராயிருந்த யீ பெய்ஜி என்பவரே அரண்மனை நகைகளைத் திருடினாரென 1933ஆம் ஆண்டிற் குற்றஞ்சாட்டப்பட்டுப் பதவி துறந்தார். பழி நீங்காமலே 1937ஆம் ஆண்டில் இறந்தார்.

யப்பானியர் 1931ஆம் ஆண்டிலே மஞ்சூரியாவைக் கைப்பற்றினர். 1933ஆம் ஆண்டு தை மாதத்தில் பெருஞ்சுவரின் கீழ்க்கோடியிலுள்ள சான்ஹாய்குவான் கோட்டையும் வீழ்ந்தது. பெய்ஜிங்குக்கு ஆபத்து அண்மித்தது. பொருள்களைத் தெற்கே அனுப்புவதென்று நூதனசாலையார் துணிந்தனர். நகர மக்களுட் பலர் எதிர்த்தனர். பொருள் போனால் அரசு நகரையும் கைவிட்டுவிடும் என்று அவர்கள் அஞ்சியது நியாயமே. பொதி கட்டிய இளைஞர்க்குத் தொலைபேசியில் மிரட்டல் வந்தது. தண்டவாளத்திலே குண்டு வைப்போம் என்றனர்.

வேறொரு கண்டனமும் எழுந்தது. அதே நாட்களிற் பல்கலைக்கழக மாணவர் பலர் நகரை விட்டு வெளியேற முற்பட, அரசு அதைக் கண்டித்தது. பொருளை அனுப்பிவிட்டு மாணவரை இருக்கச் சொல்வதா என்று எழுத்தாளர் லூ சூன் எள்ளி எழுதினார். பழம்பொருள் விற்றாற் காசாகும், மாணவர் காசாகார் என்பது அவர் குத்தலின் சாரம். மாணவராகிய எம்மால் இதை எளிதிற் புறந்தள்ள முடியவில்லை. ஒரு சாடியைக் காப்பதற்கு முன் ஒரு பிள்ளையைக் காக்கவேண்டும் என்று கேட்பவர்க்கு என்ன மறுமொழி சொல்வது? ஆயினும் அக்குற்றம் பெட்டி சுமந்தோரைச் சாராது. அனுப்புவதா விடுவதா என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. அவர்களும் பெரும்பாலும் இளைஞரே. பெற்றோரையும் வீட்டையும் பெய்ஜிங்கிலே விட்டுவிட்டு, பெட்டியுடன் போகுமாறு பணிக்கப்பட்டவர்கள்.

பொதியும் கலை அவர்க்குத் தெரியாதிருந்தது. முட்டையோடு போன்ற மெல்லிய பீங்கானை ஆயிரம் மைல் அனுப்புவது எங்ஙனம்? பழம்பொருள் வணிகரை அழைத்துக் கேட்டுப் பழகினர். அதைவிடச் சிறந்த ஆசிரியர் அரண்மனைக் களஞ்சியத்துள்ளேயே இருந்தார். ஜிங்தெஜென் சூளைகளிலிருந்து முன்னொரு காலத்தில் மன்னருக்கு அனுப்பப்பட்ட பீங்கான் பெட்டிகள் சில, திறக்கப்படாமலே கிடந்தன. அவற்றைத் திறந்து, வைக்கோலும் கயிறும் எவ்வாறு சுற்றப்பட்டிருந்தன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தனர். பெயரறியாத சூளைத் தொழிலாளர் கட்டிய கட்டு, பெயரறியாத மாணவர்க்குப் பாடமாயிற்று. அவர்கள் கண்டுகொண்டவை இரண்டு. ஒரு பொருள் இன்னொன்றைத் தொடலாகாது. பெட்டியினுள் எதுவும் அசையலாகாது. தாள், பஞ்சு, கயிறு, வைக்கோல், உமி என்று அடுக்கடுக்காக இட்டு இறுக்கினர். பின்பு கடையில் வாங்கிய சாதாரணக் கிண்ணங்களை அவ்வாறே பொதிந்து, பெட்டியை உயரத்திலிருந்து எறிந்து, திறந்து பார்த்துத் தேறினர்.

எல்லாவற்றிலும் கடினமானவை கன்முரசுகள். பண்டைய சின் நாட்டவர் வேட்டைப் பாடல்களைப் பொறித்த பத்துக் கற்கள் அவை. முரசு போன்ற வடிவின. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு தொன் பாரம். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட முதுமையினாலே கல்லின் மேற்றோல் உட்கல்லை விட்டுப் பிரிந்து, விரல் பட்டால் உதிரும் நிலையிலிருந்தது. தோல் உதிர்ந்தால் எழுத்தும் போய்விடும். அவற்றைப் பொதியும் பொறுப்பு ஜுவாங் யான் என்பவரிடம் வந்தது. அவர் பழம்பொருள் வணிகர் ஒருவரிடம் உபாயம் கேட்டுக்கொண்டு, கொரிய நாட்டு மெல்லிய தாளை நனைத்து, எழுத்தின் பள்ளங்களிலும் வெடிப்புகளிலும் பஞ்சினால் ஒற்றி ஒற்றிச் செலுத்தினார். காய்ந்தபோது தாள் கல்லின் தோலைப் பிடித்துக்கொண்டது. அதன்மேற் பஞ்சுப்போர்வை சுற்றிச் சணற்கயிற்றாற் கட்டி, பெட்டியிலிட்டு இடைவெளியை வைக்கோலால் நிரப்பினார். பின்னர் வழியிலே பெட்டிகளைத் திறந்து சோதித்தபோது, புதிதாக ஒன்றும் உதிர்ந்திருக்கவில்லை. ஒரு தொன் கல்லைக் காத்தது ஈரத்தாள் என்பதை எண்ணும்போது எமக்கு வியப்பு அடங்கவில்லை.

1933ஆம் ஆண்டு மாசி மாதம் 5ஆம் திகதி இரவு, தட்டு வண்டிகளிலே பெட்டிகளை ஏற்றிப் புகையிரத நிலையத்துக்குக் கொண்டுசென்றனர். மறுநாட் காலை 2,118 பெட்டிகளுடன் முதல் வண்டி புறப்பட்டது. வண்டிக் கூரையிலே இயந்திரத் துப்பாக்கிகள் நிறுத்தப்பட்டிருந்தன. கள்வர் பயம் மிகுந்த இடங்களில் விளக்குகளை அணைத்துச் சென்றனர். சில மாதங்களில் ஐந்து முறையாக அரண்மனைப் பொருள் மட்டும் 13,427 பெட்டிகளும் 64 பொதிகளும் தெற்கே போயின. பிற இடத்துப் பொருளும் சேர்ந்து 19,557 ஆயின. பொருள் புறப்பட்ட பின்னரும் எங்கே வைப்பதென்று மேலோர் முடிவுசெய்யாமையால், யாங்சி ஆற்றங்கரையிலே வண்டியோடு நாட்கணக்காகக் காத்துக்கிடந்தனர். கட்டளையிடுவோரின் தாமதத்தைக் காவுவோரே எப்போதும் பொறுக்கவேண்டியுள்ளது. முடிவில் சாங்காய் நகரத்துப் பிரெஞ்சுக் குடியிருப்பிலே களஞ்சியம் கிடைத்தது. 1935ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனில் நடந்த சீனக் கலைக் கண்காட்சிக்கு 93 பெட்டிகள் ஆங்கிலேயப் போர்க்கப்பலிற் சென்றன. திரும்பி வருகையிலே அவற்றை ஏற்றிய கப்பல் ஜிப்ரால்டர் அருகே தரைதட்டியது; தெய்வாதீனமாகப் பொருளுக்கு ஒன்றும் நேரவில்லை. 1936ஆம் ஆண்டு முடிவில் எல்லாம் நான்ஜிங்கிற் கட்டிய புதிய களஞ்சியத்தை அடைந்தன.

அங்கு ஓராண்டுகூட இருக்கவில்லை. 1937ஆம் ஆண்டு ஆவணியிலே சாங்காயிற் போர் மூண்டது. இலண்டன் சென்று மீண்டவை உட்பட 80 பெட்டிகள் முதலிற் புறப்பட்டுச் சாங்சா நகரில் ஹூனான் பல்கலைக்கழக நூல்நிலையத்தை அடைந்தன. 1938 தை மாதத்தில் அங்கிருந்தும் குவெய்யாங் நோக்கிச் சென்றன. அதே ஆண்டு சித்திரையில் அந்நூல்நிலையம் குண்டுக்கு இரையாயிற்று. பின்னர் அப்பெட்டிகள் அன்ஷுன் என்ற ஊரிலே மலைக்குகையொன்றில் ஐந்தாண்டுகளுக்கு மேல் இருந்தன. காத்தவர் கன்முரசு பொதிந்த ஜுவாங் யான்.

கன்முரசுகளோடு 7,287 பெட்டிகள் புகையிரதத்தில் வடமேற்கே பாவோஜி சென்று, அங்கிருந்து லொறிகளிலே பனி மூடிய சின்லிங் மலையைக் கடந்தன. இவ்வழியில் நா ஜிலியாங் சென்றார். 9,331 பெட்டிகள் யாங்சி ஆற்றின் வழியே கப்பலேறின. நான்ஜிங் நகரம் மார்கழி 13ஆம் திகதி வீழ்ந்தது. கடைசிப் பெட்டிகள் புறப்பட்டது அதற்குச் சில நாள் முன்னர்தான். ஏறக்குறைய 2,900 பெட்டிகளை ஏற்ற முடியவில்லை. அவற்றைக் களஞ்சியத்திலே விட்டுப் போனவர்களின் மனநிலையை நாம் எழுதத் தேவையில்லை. போர் முடிந்தபின் அவை பெரும்பாலும் மீட்கப்பட்டன.

ஆற்றுவழி எளிதென்று எண்ணவேண்டா. பெரிய கப்பல் செல்லும் வரை கப்பல். பின் சிறிய கப்பல். அதன்பின் கரையிலே ஆட்கள் கயிறு கட்டி இழுக்கும் மரப்படகு. ஒருமுறை இழுகயிறு அறுந்து படகு ஆற்றோடு அடித்துச் செல்லப்பட்டது. மணல்திட்டொன்றிலே தட்டி நின்றமையாற் பிழைத்தது. 1939ஆம் ஆண்டிலே சொங்சிங் நகர்மேற் குண்டுவீச்சு நெருங்கவே, அங்கிருந்த பெட்டிகளை விரைந்து அகற்றவேண்டியிருந்தது. ஜூ ஷ்யூகான் என்ற அலுவலர் பெட்டி அடுக்குவதை ஒழுங்குசெய்ய இரவிலே கப்பலேறினார். கப்பலின் அடித்தட்டு மூடி திறந்திருந்தது. இருளில் அது தெரியவில்லை. காலை வைத்தவர் கீழே விழுந்து இறந்தார். பீங்கான் தப்பியது, ஓவியம் தப்பியது என்று எழுதுவோர் இவ்வொருவரையும் சேர்த்து எழுதவேண்டும் என்பது எம் கருத்து.

ஆற்றுவழிப் பெட்டிகள் முடிவில் லெஷான் நகரை அடுத்த அன்கு என்ற சிற்றூரைச் சேர்ந்தன. அவ்வூரிலே பெருங் கட்டடம் ஏது? ஒரு கோயிலும், குலத்தாரின் முன்னோர் வழிபாட்டு மண்டபங்கள் ஆறும் இருந்தன. சீனர் தம் முன்னோர் மண்டபத்தை அந்நியர்க்கு எளிதிற் கொடார். அன்கு மக்கள் கொடுத்தனர். முன்னோர் பெயர்ப்பலகைகளின் அருகே பேரரசர்களின் பெட்டிகள் ஏழாண்டுகள் அடுக்கிக் கிடந்தன. ஈரமும் கறையானும் அங்கே குண்டினும் கொடிய பகைவர். பெட்டிகளை நிலத்தினின்றும் உயர்த்தி வைப்பதும், வெயில் நாட்களில் திறந்து காற்றாட விடுவதும், மீண்டும் பொதிவதும், ஒவ்வொன்றையும் கணக்கிற் பதிவதுமாக நாட்கள் கழிந்தன. வீரக்கதை எழுதுவோர்க்கு இதிற் சுவையில்லை. ஆனால் பொருள் பிழைத்தது பெரும்பாலும் இந்த வேலையால்தான். பண்டை நாளில் சின் மன்னன் நூல்களைக் கொளுத்தியபோது கன்பூசியர் வீட்டுச் சுவரினுள் சில நூல்கள் மறைத்துக் காக்கப்பட்டன என்பது சீனர் வழக்கு. போரின்பின், அச்சுவருக்கு நிகரான தொண்டு என்று பொறித்த பலகைகளை அரசு அன்கு மண்டபங்களுக்கு அளித்தது.

மலைவழி சென்ற பெட்டிகள் ஹான்ஜோங், செங்டு வழியாக எமெய் மலையடியைச் சேர்ந்தன. இடையிலே மியென்யாங் அருகே லொறியொன்று பாலத்திலிருந்து கவிழ்ந்தது. பாலம் உயரமில்லாதது, ஆற்றில் நீரில்லை, லொறியில் இருந்தவை நூல்களும் ஏடுகளும். இத்தகைய நிகழ்ச்சிகளை நினைந்து, பழம்பொருளுக்கு உயிருண்டு, அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்று நா ஜிலியாங் பிற்காலத்தில் சொல்வார். பெரியவரை மறுப்பது முறையன்று. எனினும் உமியும் வைக்கோலும் நன்கு இறுக்கப்பட்டிருந்தமையையும் நாம் நினைக்கவேண்டும்.

1945ஆம் ஆண்டிற் போர் ஓய்ந்தது. 1947ஆம் ஆண்டு முடிவில் மூன்று வழிப் பெட்டிகளும் நான்ஜிங்கில் மீண்டும் ஒன்றுகூடின. பதினைந்தாண்டு அலைந்தவர் இனி வீடு செல்லலாம் என்றே நினைத்திருப்பர். அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர் யாங்சிக் கரையை நெருங்கியது. 1948 மார்கழி முதல் 1949 தை வரை மூன்று கப்பல்களிலே 320, 1,680, 972 என மொத்தம் 2,972 அரண்மனைப் பெட்டிகள் தாய்வான் தீவுக்குச் சென்றன. மூன்றாவது கப்பலிலே கடற்படையாரின் குடும்பத்தவர் தஞ்சம் புகுந்து இடத்தை நிரப்பியமையால், கரைக்குக் கொண்டுவந்த பெட்டிகளுள் ஏறக்குறைய 700 ஏறவில்லை. லூ சூன் கேட்ட கேள்வி அத்துறைமுகத்திலே உயிருடன் வந்து நின்றது. இம்முறை மனிதர் ஏறினர். பெட்டிகள் கரையில் நின்றன.

பெட்டிகள் பிரிந்தவாறே காத்தவரும் பிரிந்தனர். நா ஜிலியாங்கும் ஜுவாங் யானும் தாய்வான் சென்றனர். போர்க்காலம் முழுதும் பணிப்பாளராயிருந்த மா ஹெங் பெய்ஜிங்கிலே தங்கினார். அன்குவிற் பெட்டி காத்த ஓயாங் தாவுதாவும் பெருநிலத்திலேயே இருந்தார். ஒன்றாகக் காவலிருந்து, ஒரே அடுப்பில் உண்டவர்கள் பின்னர் ஒருவர்க்கொருவர் கடிதம் எழுதவும் இயலாதவராயினர். தாய்வான் சென்ற பெட்டிகள் முதலிற் சீனி ஆலைக் களஞ்சியத்திலும், பின்பு மலையடிவாரத்துச் சிற்றூரிலும் கிடந்து, 1965ஆம் ஆண்டிலே தைப்பே நகரில் எழுந்த நூதனசாலையை அடைந்தன.

கன்முரசுகள் கப்பலேறவில்லை. அவை பெய்ஜிங் திரும்பி, இன்றும் அரண்மனை நூதனசாலையில் உள்ளன. ஈரத்தாளால் அவற்றின் எழுத்தை ஒற்றிக் காத்த ஜுவாங் யான் 1980ஆம் ஆண்டில் தாய்வானிற் காலமானார்; அவற்றை மீண்டும் காணும் வாய்ப்பு அவர்க்குக் கிட்டவில்லை. நா ஜிலியாங் 1998ஆம் ஆண்டு வரை வாழ்ந்து, பச்சைக்கல் வேலைப்பாடுகளை ஆராய்ந்த அறிஞராகப் புகழ்பெற்றார். பையில்லாத அங்கி அணிந்த பதினேழாம் வயது தொடக்கம் தாம் கண்டவற்றை அவர் நூலாக எழுதிவைத்தார். அவரும் அவருடைய தோழர்களும் எழுதிய நினைவுகளினாலேயே, இரவிற் கப்பலேறி விழுந்து இறந்த ஜூ ஷ்யூகானின் பெயர் எமக்குத் தெரியவந்தது.